ஜான்சன் கிரீக் புல்தரை: செஸ்னா 172 விமானத்தில் நாலு பேர் போய் இறங்கலாமா?

சியாட்டில்_சிறகு:
வணக்கம். சியாட்டில் பக்கம் செஸ்னா 172எஸ் ஓட்டுகிறேன். இதுவரை இறங்கியதெல்லாம் தார் ரன்வேதான், அதுவும் கடல்மட்டத்தை ஒட்டியவை. ஜூலையில் ஐடஹோ மலைக்குள் இருக்கிற ஜான்சன் கிரீக் புல்தரைக்குக் குடும்பத்தோடு போய், ஓடைக்கரையில் கூடாரம் போட்டுத் தங்க ஆசை. நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், கூடவே சாமான். ரன்வே 3,400 அடி நீளம், 150 அடி அகலம். விமானக் கையேட்டில் போட்டிருக்கும் தூரத்தைவிட நிறையவே இருக்கிறது. ஆனால் போய் வந்தவர்கள் எல்லோரும் முதலில் பயிற்சி எடு என்கிறார்கள். நீளம் போதும் என்றால் வேறு என்ன சிக்கல்? அங்கே கோ அரவுண்ட் (இறங்குவதைக் கைவிட்டு மறுபடி மேலேறுவது) செய்ய முடியாது என்றும் ஒருவர் சொன்னார், உண்மையா?

போய்சி_பயிற்றுநர்:
நீளம் பிரச்சினையே இல்லை தம்பி. சிக்கல் ரன்வேக்கு வெளியே இருக்கிறது. அந்தத் தரை ஏறக்குறைய 4,900 அடி உயரத்தில், குறுகலான ஒரு பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. ஓடை தெற்கிலிருந்து வடக்கே யெல்லோ பைன் ஊரை நோக்கிப் பாய்கிறது. காற்று இடம் கொடுத்தால் 17-இல் (தெற்கு நோக்கி) இறங்கி 35-இல் (அதே ரன்வேயில் வடக்கு நோக்கி) கிளம்புவதுதான் வழக்கம். அதாவது இறங்கும்போது நிலம் உயர்ந்துகொண்டே போகிற பக்கம் பார்த்து வருவீர்கள், கிளம்பும்போது நிலம் தாழ்ந்துகொண்டே போகிற பக்கம் போவீர்கள்.

கோ அரவுண்ட் முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். குளிர்ந்த காலையில், எடை குறைவாக இருந்து, உயரம் இருக்கும்போதே முடிவெடுத்தால் முடியும். மத்தியான வெயிலில், நாலு பேரோடு, ரன்வே மேல் பாதி தூரம் மிதந்துவிட்டு அப்புறம் த்ராட்டிலைத் தள்ளி எஞ்சினுக்கு முழு சக்தி கொடுத்தால், எதிரே பள்ளத்தாக்கு குறுகுகிறது, தரை ஏறுகிறது, விமானம் அந்த அளவுக்கு ஏறாது. அதனால் இதைத் தாண்டினால் இறங்கியே ஆகவேண்டும் என்ற இடத்தை வரும் முன்பே குறித்து வையுங்கள். அங்கே வருவதற்குள் வேகமோ உயரமோ சரியில்லை என்றால் உடனே விலகிவிட வேண்டும், கொஞ்சம் சரிசெய்து பார்ப்போம் என்று இழுக்கக் கூடாது.

என்னிடம் வருகிற கடல்மட்ட விமானிகளிடம் அடிக்கடி பார்க்கிற விஷயம் ஒன்று. பள்ளத்தாக்குக்குள் உண்மையான தொடுவானம் தெரியாது. எதிரே உயரும் மலைச்சரிவையே தொடுவானமாகக் கண் எடுத்துக்கொள்ளும், கை தானாக விமானத்தின் மூக்கைத் தூக்கும், வேகம் சத்தமில்லாமல் குறையும். வெளியே பார்த்து மூக்கை வைத்துப் பழகியவர்கள் அங்கே வேகமானியை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும்.

அப்புறம், உள்ளே போகும்போது நடுவில் பறக்காதீர்கள். ஒரு ஓரமாகப் போனால்தான் திரும்ப முழு அகலமும் கிடைக்கும். 30 டிகிரி சாய்வில் 90 நாட் உண்மை வேகத்தில் (காற்றினூடே விமானம் நிஜமாகப் போகும் வேகம்) திரும்ப ஏறக்குறைய 760 மீட்டர் அகலம் வேண்டும், 70 நாட்டில் 460 மீட்டர் போதும். குறுகலான இடத்தில் நிதானமாகப் பறப்பது இதற்காகத்தான்.

மலைக்காற்று:
மேலே சொன்னது எல்லாம் சரி. நான் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் ஜூலை என்கிறீர்கள். அந்த உயரத்துக்கு விமானக் கணக்கில் வைக்கும் திட்ட வெப்பம் 5 டிகிரி. மத்தியானம் 30 டிகிரி ஆனால் அடர்த்தி உயரம் 8,000 அடியைத் தொட்டுவிடும், அதாவது காற்று அந்த உயரத்தில் இருப்பது போல மெலிந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சின் கால் பங்கு சக்தியை அங்கேயே இழக்கிறது. 172எஸ் முழு எடையில் கடல்மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும், 8,000-இல் 400-ஐ ஒட்டித்தான். உண்மை வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் முன்னே போகும் ஒவ்வொரு நாட்டிக்கல் மைலுக்கும் 300 அடி மாதிரி வரும். மலைச்சரிவில் கீழிறங்கும் காற்று ஒன்று நிமிடத்துக்கு 400 அடி இழுத்தால் கணக்கு முடிந்தது.

கையேட்டுத் தூரம் தார் ரன்வேக்கானது. காய்ந்த புல்லில் கிளம்ப, தரையில் ஓடும் தூரத்தில் 15 சதவீதத்தையும், இறங்க 45 சதவீதத்தையும் கூட்டச் சொல்லி அதே பக்கத்தில் அடிக்குறிப்பு இருக்கும், பாருங்கள். இறங்கும்போது வேகமானியில் அதே எண்தான் வைக்க வேண்டும், ஆனால் தரை வேகம் கூடுதலாக இருக்கும். ஓடுவது போலத் தோன்றுகிறதே என்று வேகத்தைக் குறைத்தால் ஸ்டால்தான், இறக்கை தூக்குவதை விட்டுவிடும். மிக்ஸ்ச்சரை லீன் செய்யாமல், அதாவது மெலிந்த காற்றுக்கு ஏற்ப எரிபொருளைக் குறைக்காமல், கிளம்பவும் கூடாது. இருக்கிற சக்தியும் புகையாகப் போய்விடும்.

காற்றும் நேரம் பார்த்துத்தான் வீசுகிறது. விடிகாலையில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே, அதாவது தெற்கிலிருந்து வடக்கே வழியும். 17-இல் இறங்குகிறவருக்கு அது எதிர்காற்று. வெயில் ஏற ஏற அது திரும்பி மேல்நோக்கி வீசும், அப்போது இறங்குகிறவருக்கு முதுகுக்காற்று. காலை பத்துக்குள் எல்லாம் முடித்துவிட வேண்டும், மலை உச்சிகளில் காற்று 20, 25 நாட் என்று சொன்னால் அன்றைக்குப் போகவே வேண்டாம்.

சியாட்டில்_சிறகு:
ரொம்ப நன்றி. நான் இறங்குவதைப் பற்றி மட்டும்தான் யோசித்திருந்தேன். அப்போ நாலு பேரையும் ஒரே தடவையில் கொண்டுபோவதை விட்டுவிட வேண்டியதுதானா? குடும்பத்தை விட்டுவிட்டு நான் மட்டும் போவதில் அர்த்தமில்லை.

புல்வெளிப்_பறவை:
விட வேண்டாம். பக்கத்து ஊரான மெக்கால் வரை எல்லோரும் சேர்ந்து போங்கள், நல்ல தார் ரன்வே, பெட்ரோல் கிடைக்கும். அங்கிருந்து ஜான்சன் கிரீக் சுமார் 25 நாட்டிக்கல் மைல்தான். டேங்கை அளவாக வைத்துக்கொண்டு, அதிகாலையில் மனைவி ஒரு பிள்ளையோடு சாமானில் பாதி, அப்புறம் திரும்பி வந்து மீதி. ஜான்சன் கிரீக்கில் எரிபொருள் கிடையாது, அதனால் திரும்பி வருவதற்கும் மாற்று இடத்துக்கும் மிச்சம் வைத்துத்தான் 'அளவாக' என்கிறேன். எடையைப் பத்து சதவீதம் குறைத்தால் கிளம்பும் தூரம் ஏறக்குறைய இருபது சதவீதம் குறையும்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை. இறங்குகிறவர் 17, கிளம்புகிறவர் 35, அதாவது இருவரும் நேருக்கு நேர். கோடை வாரக்கடைசியில் கூட்டம் அதிகம். ரேடியோவில் 122.9-இல் ஊர்ப் பெயரோடு எங்கே இருக்கிறீர்கள், எந்தத் திசை என்று சொல்லிக்கொண்டே வாருங்கள், போகும் முன் அலைவரிசையை வரைபடத்தில் சரிபாருங்கள். இறங்கும் முன் ஆயிரம் அடி மேலாக ஒரு சுற்று சுற்றி காற்றுப்பை, மான், வேறு விமானம், தண்ணீர் தெளிப்பான் எல்லாம் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சிய புல்லிலும் பனி விழுந்த புல்லிலும் பிரேக் பிடித்தால் சக்கரம் நின்றுவிடும், விமானம் வழுக்கிக்கொண்டே போகும். தரையில் ஓடும்போது யோக்கை (கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம்) வயிற்றோடு இழுத்து வையுங்கள், 172-இன் முன்சக்கரம் குழியில் விழுந்தால் ஃபயர்வால் (எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தடுப்புத் தகடு) மடங்கும்.

செல்போன் எடுக்காது. செயற்கைக்கோள் மெசஞ்சர் இருந்தால் சட்டைப் பையில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம்.

போய்சி_பயிற்றுநர்:
இரண்டு தடவை கொண்டுபோவது நல்ல யோசனை. ஆனால் அதற்கு முன் பயிற்றுநரோடு உங்கள் சொந்த விமானத்திலேயே அங்கே இறங்கிப் பாருங்கள். மெக்காலில் மலைப் பள்ளத்தாக்குப் பறத்தலுக்கென்றே வகுப்புகள் நடக்கின்றன. மே, ஜூனில் வந்தால் குளிர்ச்சியில் பழகலாம்.

சியாட்டில்_சிறகு:
ஜூனில் இடம் கேட்டு எழுதப்போகிறேன். கடைசியாக ஒன்று: சக்கர உறைகளைக் கழற்றிவிட வேண்டுமா?

புல்வெளிப்_பறவை:
கழற்றுங்கள். ஈரப் புல்லும் சேறும் உள்ளே அடைத்துக்கொண்டால் சக்கரம் இழுக்கும், கிளம்பும்போது அதுதான் ஓட்டத்தைத் தின்னும். கழற்றியதைப் பதிவேட்டில் எழுதி, எடைக் கணக்கையும் திருத்திவிடுங்கள்.