மார்பகச் சீரமைப்புக்குப் பிறகு: "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டிருந்தால் கெட்டிருக்கும் கேஸ்கள்

நைட்_சிஸ்டர்:
வயித்துத் தோலும் கொழுப்பும் எடுத்து, ரத்தக்குழாயை இணைச்சு மார்புல வச்ச டீப் ஃபிளாப் (இடம் மாத்தி வைக்கிற திசுதான் ஃபிளாப்). ஆபரேஷன் முடிஞ்ச முதல் ராத்திரி. சாயங்காலம் வரைக்கும் கொஞ்சம் வெளிறின நிறம், விரலால அமுக்கி விட்டா ரெண்டு மூணு செகண்டுல நிறம் திரும்புச்சு. ராத்திரி ரெண்டு மணி செக்ல நல்ல ரோஸ். விரலை எடுக்கிறதுக்குள்ள நிறம் வந்துடுது. துணைக்கு இருந்த அக்கா, "இப்பதான் சிஸ்டர் பார்க்கவே களையா இருக்கு"ன்னாங்க. ரத்த ஓட்டச் சத்தம் கேக்கற டாப்ளர் கருவியிலயும் துடிப்பு ஜோரா கேக்குது. ஏமாத்துறதே அதுதான். சிரை (ரத்தத்தை வெளிய கொண்டு போற குழாய்) அடைச்சா, தமனி வழியா உள்ள போற ரத்தம் போய்க்கிட்டே இருக்கும், வெளிய வர வழி இருக்காது. தமனிச் சத்தம் கொஞ்ச நேரத்துக்கு நல்லாவே கேக்கும். ரெண்டே காலுக்கு ஓரமெல்லாம் ஊதா, தொட்டா விம்மி நிக்குது. டாக்டர் ஊசி முனையால குத்தினதும் கருத்த ரத்தம் குபுகுபுன்னு வந்தது. மூணு மணிக்குள்ள தியேட்டர். சிரையைத் திரும்ப இணைச்சாங்க, ஃபிளாப் தப்பிச்சது.

ஒன்பது_பூஜ்யம்:
ரெண்டு மணிக்கே ரோஸ் என்றால் ரெண்டே கால் வரை எதற்குக் காத்திருந்தீர்கள்? ஊதா தெரியும் வரை நிற்கக் கூடாது. நிறம் திரும்பும் வேகம் கூடினாலே போன் போட வேண்டும். இன்னொன்று, இங்கே யாரும் சொல்லாதது: ஃபிளாப் நிறத்தை மார்புத் தோலோடு ஒப்பிடாதீர்கள். தோல் வயிற்றிலிருந்து வந்தது, வயிற்றோடுதான் ஒப்பிட வேண்டும். மாநிறத்துக்கு மேல் கருத்த தோலில் ரோஸ், ஊதா இரண்டுமே சரியாகத் தெரியாது. அங்கே விம்மலும் சூடும் சொல்வதுதான் கணக்கு. வார்டு மஞ்சள் பல்பை நம்பாமல் வெள்ளை டார்ச் அடியுங்கள். தமனி அடைத்தால் எல்லாம் தலைகீழ்: வெளிறும், சில்லிடும், அமுக்கிய இடம் நிறம் திரும்பாது, குத்தினால் ரத்தம் வராது. டாக்டர் வருவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது, இறுக்கமான கட்டைத் தளர்த்துவது, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தால் நிமிர்த்துவது. அவ்வளவே. கண்ட இடத்தில் குத்திப் பார்க்காதீர்கள், ரத்தக்குழாய் இணைப்பு எந்தப் பக்கம் போகிறது என்று உங்களுக்குத் தெரியாது.

நைட்_சிஸ்டர்:
போன் ரெண்டு மணிக்கே போட்டாச்சு சார். கால் மணி நேரம் டாக்டர் வர ஆனது.

டிரஸ்ஸிங்_ரூம்:
டிரெயினோட வீட்டுக்கு அனுப்பின கேஸ். (டிரெயின்னா உள்ள கசியற நீரைக் குடுவைக்கு உறிஞ்சற குழாய்.) "டிரெயின்ல வடியறது நின்னுடுச்சு, எடுத்துடலாமா?"ன்னு வீட்டுக்காரர் சந்தோஷமா போன் பண்றார். முந்தின நாள் 70 மில்லி, அன்னைக்கு 5. அப்படி ஒரே நாள்ல குறையாது. வரச் சொல்லிப் பார்த்தா, குழாய்க்குள்ள சேமியா மாதிரி நீளமா ரத்தக்கட்டி, அக்குள் பக்கம் தளதளன்னு வீக்கம்.

தோலுக்குப் பக்கத்துல குழாயை ஒரு கையால அசையாம பிடிங்க. இல்லைன்னா தையலையே இழுத்துடும். இன்னொரு கை விரல்ல கொஞ்சம் சானிடைசர் தடவி, குழாயை நசுக்கிக்கிட்டே குடுவை வரைக்கும் இழுங்க. காலை, மாலை ரெண்டு வேளையும் கொட்டி அளக்கணும். மூடியைப் போடறதுக்கு முன்னாடி குடுவையை நல்லா நசுக்கணும், இதை மறக்கிறவங்கதான் அதிகம். நசுக்கி மூடின குடுவை சில நிமிஷத்துல உப்பினா எங்கேயோ காத்து போகுது, உறிஞ்சலே இல்லைன்னு அர்த்தம். ரெண்டு டிரெயின் இருந்தா கணக்கும் தனித்தனி. பொதுவா 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்குக் கீழ, தொடர்ந்து ரெண்டு நாள் வந்தா எடுப்பாங்க. முதுகுத் தசை எடுத்த கேஸ்ல முதுகு டிரெயின்தான் கடைசியா நிக்கும், எடுத்த பிறகும் நீர் கட்டும். திடீர்னு பளீர் சிவப்புல குடுவை நிறைஞ்சா கொட்டி அளந்துக்கிட்டு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

பிசியோ_மதுரை:
வயித்துத் தோல் எடுத்த கேஸ். கூனி நடந்து நடந்து முதுகுவலி. மாமியார் பாசத்துல வெந்நீர்ப் பை கொடுத்தாங்க. அது சரிஞ்சு வயித்துத் தையலுக்கு மேல இருந்திருக்கு. காலையில பார்த்தா ரூபாய்க் காசு அளவு கொப்புளம். "சுடவே இல்லையே"ங்கிறாங்க. எப்படிச் சுடும்? அந்தத் தோலுக்குப் போற நரம்பை அறுத்தாச்சு. ஃபிளாப்புக்கும் இதே கதிதான். ஒத்தடம், ஐஸ் ரெண்டுமே வேண்டாம்.

கேட்கலைன்னாலும் சொல்றேன். முதல் வாரம் கூனித்தான் நடக்கணும், நிமிர்ந்தா வயித்துத் தையல் இழுக்கும். படுக்கும்போது தலைப்பக்கம் உயரம், முழங்காலுக்குக் கீழ தலையணை. எழுந்திரிக்கும்போது நேரா எழாம ஒருக்களிச்சு, காலைத் தொங்கவிட்டு, அப்புறம் எழணும். கையைத் தோள் உயரத்துக்கு மேல தூக்கறது சர்ஜன் சொன்ன பிறகுதான், ஆனா விரல், மணிக்கட்டு, முழங்கை அடுத்த நாள்லேர்ந்தே அசையணும். தோளை ஒரேயடியா அசைக்காம வச்சு இறுகிப் போனவங்களுக்கு அப்புறம் ரேடியேஷனுக்குக் கையைத் தலைக்கு மேல வைக்கவே முடியாது, தேதி தள்ளிப்போகும். ஆறு வாரத்துக்குத் தண்ணிக்குடம், சிலிண்டர், மாவு கிரைண்டர் கல்லு எதுவும் கூடாது. குழந்தையைத் தூக்காம மடியில வாங்கிக்கலாம்.

ஸ்கேன்_அறை:
முதுகுவலின்னதும் ஞாபகம் வந்தது. எம்ஆர்ஐ படிவத்துல "உடம்பில் உலோகம்: இல்லை"ன்னு கையெழுத்து. கதவுகிட்ட டெக்னீஷியன் "மார்புல ஏதாவது வச்சிருக்காங்களாம்மா?"ன்னு கேட்டார். "தண்ணிதானே ஏத்துறாங்க." எக்ஸ்பாண்டர்! தோலை விரிக்க உள்ள வச்சு, தண்ணி ஏத்தற பை. அதுல ஊசி போடற வாயை வெளியில காந்தம் வச்சுத்தான் கண்டுபிடிக்கிறாங்க. பல மாடல்கள்ல உள்ள இருக்கறதும் காந்தம்தான். எம்ஆர்ஐக்குப் போனா நகரும், சூடாகும். எக்ஸ்பாண்டர் விவர அட்டையைப் பர்ஸ்ல வச்சுக்கச் சொல்லுங்க.

ஃபிளாப்ல சில மாசம் கழிச்சுக் கல்லு மாதிரி கட்டி வந்தா பெரும்பாலும் ரத்த ஓட்டம் இல்லாம செத்த கொழுப்பு. ஆனா கையால தடவியே அப்படி முடிவு கட்டிடாதீங்க. அல்ட்ராசவுண்ட், சந்தேகம் இருந்தா பயாப்சி.

ஒன்பது_பூஜ்யம்:
சிலிகோன் இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்தவர்களையும் இந்தக் கணக்கில் சேருங்கள். உள்ளே கிழிந்தாலும் வெளியே எதுவும் தெரியாது. அதனால்தான் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020-இல், வலி இல்லாவிட்டாலும் 5 முதல் 6 ஆண்டில் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ, பிறகு 2, 3 ஆண்டுக்கு ஒருமுறை என்று சொன்னது. வைத்து ஒரு வருடம் தாண்டிய பிறகு அந்தப் பக்கம் திடீரென்று வீங்கினால் நீரை எடுத்துக் கொட்டிவிட்டு அனுப்பாதீர்கள். அந்த நீரை சைட்டாலஜிக்கும் (செல் பரிசோதனை), லிம்போமாவைக் காட்டும் சிடி30 பரிசோதனைக்கும் அனுப்புங்கள். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ள இம்ப்ளான்ட்டைச் சுற்றி அரிதாக லிம்போமா (நிணநீர்ச் செல் புற்றுநோய்) வருகிறது. 2019-இல் அலர்கன் நிறுவனம் தன் பயோசெல் வகை இம்ப்ளான்ட்டை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றதே அதனால்தான். இம்ப்ளான்ட் வகையும் வரிசை எண்ணும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள்.