பாஸ் மீனின் உண்மையான எடை: இரண்டு தராசுகள், இரண்டு சூத்திரங்கள், எதை நம்புவது?

ஏரிக்கரையான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். அண்மையில் என் தூண்டிலில் சிக்கிய ஒரு பெரிய லார்ஜ்மவுத் பாஸின் (அகன்ற வாயுள்ள நன்னீர் மீன்) எடை குறித்து எனக்கும் என் நண்பருக்கும் இடையே இன்னும் வாதம் ஓயவில்லை. மீனை உயிரோடு நீரில் விட்டுவிட்டதால் மறுபடியும் நிறுத்துப் பார்க்க வழியில்லை. என்னுடைய பழைய சுருள்வில் தராசில் வலைப்பையோடு சேர்த்துத் தொங்கவிட்டபோது முள் 4.1 கிலோவில் நின்றது. நண்பருடைய டிஜிட்டல் தராசு, பையின் எடையைக் கழித்த பிறகு, 3.25 கிலோ என்று காட்டியது. மீனின் நீளம் 55 செ.மீ., உடலின் மிகப் பருத்த இடத்தில் சுற்றளவு 42 செ.மீ. தூண்டில்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் இரண்டு சூத்திரங்களில் இந்த அளவுகளைப் போட்டுப் பார்த்தால், ஒன்று 3.36 கிலோ என்கிறது, மற்றொன்று 2.93 கிலோ என்கிறது. ஆக, ஒரே மீனுக்கு நான்கு எடைகள் கையில் இருக்கின்றன. சுருள்வில் தராசு பொய் சொல்கிறது என்று நண்பர் அடித்துச் சொல்கிறார். எனக்கோ மின்கலத்தில் ஓடும் பொருளின் மீது அவ்வளவு நம்பிக்கை இல்லை. இவற்றில் எதை உண்மையான எடையாகக் கொள்ளலாம், சூத்திரத்தை வைத்துத் தராசுகளின் வழக்கைத் தீர்க்க முடியுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை

சூத்திரத்தை வைத்துத் தராசுகளின் வழக்கைத் தீர்க்க முடியாது என்பதே என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் பயன்படுத்திய முதல் சூத்திரம், நீளத்தைச் சுற்றளவின் வர்க்கத்தால் பெருக்கி, அங்குலமும் பவுண்டும் என்றால் 800ஆலும், சென்டிமீட்டரும் கிலோவும் என்றால் ஏறத்தாழ 28,900ஆலும் வகுப்பது. மீனை ஓர் உருளையாக எண்ணிக்கொண்டு, தலையும் வாலும் ஒடுங்குவதற்காக அந்த உருளையின் எடையில் சுமார் 43 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்வதற்குச் சமம் அது. இரண்டாவது சூத்திரம் நீளத்தின் வர்க்கத்தைச் சுற்றளவால் பெருக்கி, அங்குலக் கணக்கில் 1200ஆல் வகுக்கிறது. பாஸ் மீனுக்கென்றே பலரும் சொல்வது இதைத்தான். முதலாவது சுற்றளவுக்கு அதிக மதிப்புத் தருகிறது, இரண்டாவது நீளத்துக்குத் தருகிறது. ஆகவே சராசரி உடல்வாகு கொண்ட மீனில் இரண்டும் நெருங்கி வரும். பருத்த மீனில் விலகிப் போகும். உங்கள் மீனில் 400 கிராமுக்கு மேல் விலகியிருப்பதே அது நல்ல பருமனான மீன் என்பதற்கு அடையாளம்.

அளவெடுப்பில் வரும் பிழையையும் கணக்கில் சேருங்கள். முதல் சூத்திரத்தில் நீளத்தை ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் எடை சுமார் 60 கிராம் ஏறுகிறது. சுற்றளவை ஒரு சென்டிமீட்டர் கூட்டினால் 160 கிராம் ஏறிவிடுகிறது. துள்ளுகிற, வழுக்குகிற ஒரு மீனைச் சுற்றி நாடாவைப் பிடிக்கும்போது ஒரு சென்டிமீட்டர் தவறுவது மிக எளிது. நாடா சற்றே சாய்வாக ஓடினாலும், வயிற்றுத் துடுப்புகளின் மேலாகப் போனாலும் சுற்றளவு கூடிவிடும். நீளத்தை எடுக்கும்போது மீனைத் தட்டையான பலகையில் கிடத்தி, வாயை மூடி, வாலின் நுனிகளைச் சேர்த்துப் பிடித்து நேர்கோட்டில் அளக்க வேண்டும். உடலின் வளைவோடு நாடாவை ஓடவிடுபவர்களின் மீன்கள் எப்போதும் சற்று நீளமாகவே இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

மீன்வள ஆய்வாளர்கள் ஒவ்வோர் இனத்துக்கும் நீளத்துக்குரிய செந்தர எடை ஒன்றை வகுத்து வைத்திருக்கிறார்கள். 55 செ.மீ. லார்ஜ்மவுத் பாஸுக்கு அது 2.7 கிலோவை ஒட்டி வருகிறது. உங்கள் மீன் 3.25 கிலோ என்றால் செந்தரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். சினை நிறைந்த பெண் மீனுக்கு இது நம்பக்கூடியதே. 4.1 கிலோ என்றால் பாதியளவு கூடுதல் ஆகிறது. நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் 42 செ.மீ. சுற்றளவு அதற்கு ஒத்துவரவில்லை. அந்த எடைக்கு முதல் சூத்திரப்படியே 46 செ.மீ.க்கு மேல் வேண்டும்.

நீரோட்டம்

முன்னவர் சூத்திரத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தராசைச் சோதிக்காமல் தராசைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயனில்லை, சோதிப்பதோ மிக எளிது. மீன் போய்விட்டாலும் இரண்டு தராசுகளும் உங்களிடம் இருக்கின்றன. அன்று அவை காட்டிய எண்களையும் குறித்து வைத்திருக்கிறீர்கள். அந்த எண்களைக் காட்ட அவற்றில் எவ்வளவு எடை தொங்க வேண்டும் என்று இன்றைக்கும் கண்டுபிடிக்கலாம்.

ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. வெப்பமான நாளில், 30 டிகிரி செல்சியஸில், அது 4 கிராம் குறையும். நமக்கு அது பொருட்டல்ல. வெறும் வாளியைச் சமையலறைத் தராசில் நிறுத்துக்கொண்டு, அளவுக்குவளையால் நீரை ஊற்றி, வாளியும் நீரும் சேர்ந்து ஒரு கிலோ, இரண்டு கிலோ, மூன்று கிலோ, மூன்றரைக் கிலோ வரும்படி செய்து ஒவ்வொரு முறையும் இரண்டு தராசுகளிலும் தொங்கவிடுங்கள். ஒரே ஓர் எடையில் சோதித்துவிட்டு நிறுத்த வேண்டாம். சுருள்வில் தளர்ந்துபோன தராசு வெறுமையில் சரியாகச் சுழியில் நிற்கும், ஒரு கிலோவில் சிறிது கூட்டிக் காட்டும், மூன்று கிலோவில் வெகுவாகக் கூட்டிக் காட்டும். முள் சுழியில் நிற்கிறது என்பதால் மட்டும் தராசு சரியானது என்று நினைப்பதுதான் பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம்.

டிஜிட்டல் தராசையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட வேண்டாம். பல கருவிகள் எண் நிலைத்தவுடன் அதைப் பூட்டிவிடுகின்றன. அந்த நொடியில் மீன் துள்ளினாலோ, படகு ஏறி இறங்கினாலோ தவறான எண் பூட்டப்பட்டுவிடும். கரையில், காற்றுக்கு மறைவான இடத்தில் மூன்று முறை நிறுத்து, ஒத்துவரும் எண்களை மட்டும் எடுத்துக்கொள்வதே முறை. பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கமும் (ஐ.ஜி.எஃப்.ஏ.) சாதனைக்கான மீனைத் தரையில்தான் நிறுக்க வேண்டும், தராசுக்குக் கடந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பெற்ற சான்று இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது.

குளியலறைத் தராசில் மீனோடும் மீனில்லாமலும் ஏறி நின்று கழித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. 1997இல் கலிபோர்னியாவின் ஸ்பிரிங் ஏரியில் பிடிபட்ட ஒரு பாஸை அப்படி நிறுத்து 24 பவுண்டு என்றார்கள். பிறகு மீனை விட்டுவிட்டார்கள். மனிதரின் எடைக்கென்று செய்த கருவியில் இரண்டு முறை படித்துக் கழிக்கும்போது, இரண்டு படிப்புகளின் பிழையும் அந்தச் சிறிய மீனின் தலையில் வந்து விழும் என்பதால் அந்த எண்ணை யாராலும் உறுதிப்படுத்த முடியவில்லை.

பழைய தூண்டில்

சூத்திரங்களின் நம்பகத்தைச் சோதிக்க, உலகச் சாதனை மீன்கள் இரண்டையும்விட நல்ல சான்று இல்லை. 1932 ஜூன் 2 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், மாண்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அதாவது 10.09 கிலோ என்று பதிவாகியுள்ளது. அதன் நீளம் 32.5 அங்குலம், சுற்றளவு 28.5 அங்குலம் என்கிறது அதே பதிவு. முதல் சூத்திரத்தில் போட்டால் 33 பவுண்டு வருகிறது, இரண்டாவதில் 25 பவுண்டு. அந்த மீனின் மீது இன்றும் ஐயம் எழுப்புபவர்கள் இந்தப் பொருத்தமின்மையைத்தான் காட்டுகிறார்கள். 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்த மீன் 10.12 கிலோ, நீளம் சுமார் 69 செ.மீ., சுற்றளவு சுமார் 68 செ.மீ. ஏறக்குறைய நீளத்துக்குச் சமமான சுற்றளவு! முதல் சூத்திரம் அதற்கு 11 கிலோ தருகிறது, இரண்டாவது ஏழரைக் கிலோ மட்டுமே தருகிறது. பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூடுதலாக வேண்டும் என்பது விதி. குரிதாவின் மீன் ஓர் அவுன்ஸுக்கும் சற்றே குறைவாகத்தான் முந்தியது என்பதால் இரண்டும் சமநிலை என்று அறிவிக்கப்பட்டது. முப்பது கிராமுக்குள் முடிவாகும் வழக்கில், கிலோக் கணக்கில் தடுமாறும் சூத்திரத்துக்கு என்ன இடம்?

மற்றொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையான எடை என்று நாம் சொல்வது, நிறுத்த அந்த வேளையின் எடை மட்டுமே. கலிபோர்னியாவின் டிக்சன் ஏரியில், தாடையின் கீழிருந்த கரும்புள்ளியால் அடையாளம் காணப்பட்ட ஒரே மீன் 2003இல் 21 பவுண்டு 11 அவுன்ஸும், 2006இல் கைத்தராசில் 25 பவுண்டு 1 அவுன்ஸும், 2008இல் இறந்து மிதந்தபோது 19 பவுண்டும் இருந்தது. இதில் 2006ஆம் ஆண்டு எடை சாதனைக்கு அனுப்பப்படவே இல்லை. தூண்டில் வாயில் சிக்காமல் உடலின் வெளிப்புறத்தில் மாட்டியிருந்ததே காரணம். சினை, வயிற்றிலிருக்கும் இரை, பருவம் எல்லாம் எடையை மாற்றுகின்றன. ஆகவே உங்கள் மீன் அடுத்த பருவத்தில் வேறு எடை காட்டினாலும் வியக்க வேண்டாம்.

ஏரிக்கரையான்

மூவருக்கும் நன்றி. நீரோட்டம் ஐயா சொன்னபடி நண்பரையும் உடன் வைத்துக்கொண்டு நீரைத் தொங்கவிட்டுச் சோதித்தோம். டிஜிட்டல் தராசு எல்லா எடைகளிலும் 10 கிராமுக்கு மேல் விலகவில்லை. சுருள்வில் தராசு ஒரு கிலோவுக்கு 1.2, இரண்டு கிலோவுக்கு 2.4, மூன்று கிலோவுக்கு 3.7, மூன்றரைக் கிலோவுக்கு 4.3 என்று காட்டியது. அன்று அது காட்டிய 4.1 இந்தக் கடைசி இரண்டுக்கும் நடுவில் விழுவதால், தொங்கிய எடை சுமார் 3.3 கிலோ ஆகிறது. நனைந்த வலைப்பையை இப்போது நிறுத்ததில் ஏறக்குறைய 90 கிராம் இருந்தது. அதைக் கழித்தால் 3.2 கிலோவுக்குச் சற்று மேலே வருகிறது. நண்பரின் 3.25 கிலோவையே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளலாமா?

நீரோட்டம்

தாராளமாக எழுதிக்கொள்ளலாம். பக்கத்திலேயே கரையில் நிறுத்ததா, படகில் நிறுத்ததா என்பதையும், தராசைச் சோதித்த நாளையும் குறித்து வையுங்கள். சுருள்வில் தராசின் கோடுகள் நூறு கிராம் இடைவெளியில் இருப்பதால் அதிலிருந்து இதற்கு மேல் நுணுக்கம் கிடைக்காது. அந்தத் தராசை வீச வேண்டியதில்லை. நீங்கள் எடுத்த நான்கு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி அதன் முதுகில் ஒட்டிவிட்டால், டிஜிட்டல் தராசின் மின்கலம் தீர்ந்த நாளில் அது கைகொடுக்கும்.