பினாங்கைக் கொடுத்ததால்தான் கெடா வீழ்ந்ததா?

கடாரத்தான்:
மலாய் அரசான கெடாவின் சுல்தான் அப்துல்லா பணத்தாசையில் பினாங்குத் தீவை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிட்டார் என்று சிலர் எழுதுவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. அவர் முதலில் கேட்டது பாதுகாப்பு. சயாம் (இன்றைய தாய்லாந்து) படையெடுத்து வந்தால் படையுதவி வேண்டும், தீவுக்குப் போய்விடப்போகும் வியாபாரத்துக்கு ஈடாக ஆண்டுக்கு 30,000 ஸ்பானிய டாலர் வேண்டும் என்றார். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி படையுதவிக்கு உறுதி எதுவும் எழுதித் தரவில்லை. ஆனால் கம்பெனியின் ஆள் பிரான்சிஸ் லைட் 1786 ஆகஸ்டிலேயே பினாங்கில் கொடி ஏற்றிவிட்டார்!

மெர்போக்வாசி:
லைட் செய்தது அநியாயம்தான் அண்ணே. ஆனால் ஒப்பந்தம் இல்லாவிட்டால் கெடா தப்பித்திருக்கும் என்பதை ஏற்க முடியாது. சயாமுக்குப் பொன்மலரைக் கப்பமாக அனுப்பிவந்த அரசு அது, சயாமிடம் வீழ்ந்த பக்கத்து மலாய் அரசான பட்டானியின் கதியும் கண்ணெதிரே இருந்தது.

கடாரத்தான்:
சரி, 1791 ஒப்பந்தத்துக்கு வருவோம். தீவை மீட்க எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரில் படகுகளைத் திரட்டினார் சுல்தான், லைட் முந்திக்கொண்டு அடித்தார். தோற்றபின் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 6,000 டாலர், பாதுகாப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதேசமயம் பினாங்குக்கு வேண்டிய உணவுப் பொருள்களைக் கெடாவில் வரியில்லாமல் வாங்கலாம், மற்ற ஐரோப்பியரை அங்கே குடியேற விடக்கூடாது. வரியும் போனது, வேறொருவரிடம் துணை தேடும் வழியும் அடைபட்டது. சோழமண்டலக் கரையிலிருந்து கெடாவுக்கு வந்துகொண்டிருந்த சூலியா (தமிழ் முஸ்லிம்) வணிகர்கள்கூட சுங்கமில்லாத பினாங்குப் பக்கம் போனார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

தஞ்சோங்:
அப்புறம் 1821. சயாம் படை நுழைந்ததும் சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத்தான் ஓடினார். அடைக்கலம் கிடைத்தது, படை கிடைக்கவில்லை. ஆங்கிலேயர் சயாமோடு போட்ட 1826 பர்னி உடன்படிக்கையிலோ அவரைப் பினாங்கில் இருக்க விடமாட்டோம் என்று எழுதியே கொடுத்தார்கள். பினாங்கு வியாபாரம் கெடாமல் இருந்தால் போதும் என்ற கணக்கு.

மெர்போக்வாசி:
1909இல் சுல்தானைக் கேட்காமலே பாங்காக்கில் கெடாவைச் சயாமிடமிருந்து பிரிட்டனுக்குக் கைமாற்றினார்கள், அதுவும் உண்மை. ஆனால் ஒப்பந்தம் என்றாலே கெடாவுக்கு நட்டம் என்று எழுதாதீர்கள். 1923இல் சுல்தானும் அவருடைய அரசு மன்றமும் சம்மதிக்காமல் கெடாவை வேறெதோடும் இணைக்கமாட்டோம் என்று பிரிட்டனிடம் எழுதி வாங்கினார்களே! பிரிட்டிஷாரின் கூட்டரசுக்குள் இருந்த மலாய் அரசுகளை விட அதிக சுதந்திரம் இருந்தது.

கடாரத்தான்:
அந்த வாக்கு எத்தனை நாள் நின்றது? 1945 இறுதியில் பிரிட்டிஷ் தூதர் மெக்மைக்கேல் வந்து, கையெழுத்துப் போடாவிட்டால் அரியணை இல்லை என்ற நிலையில்தான் சுல்தான் பத்லிஷாவை, மலாய் அரசுகளை ஒரே பிரிட்டிஷ் ஆட்சியில் இணைக்கும் மலாயன் யூனியனுக்குச் சம்மதிக்க வைத்தார்.

மெர்போக்வாசி:
வைத்தார், ஆனால் மலாய்க்காரர்கள் திரண்டு எதிர்த்ததில் 1948இல் யூனியனையே கைவிட வேண்டியதாயிற்று. 1786இல் அப்துல்லாவுக்கு அப்படி ஒரு கூட்டம் பின்னால் இல்லை, நான் சொல்லும் வித்தியாசம் அதுதான்.