பத்து வருட சிடி அனுபவம் இருந்தால் "நேராக பேண்ட் 6": யார் கிளப்பிவிட்ட கதை இது?

ஈயக்கதவு:
கோபத்தில்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் நம் ரேடியோகிராஃபர் குழுவில் சம்பளப் பேச்சு ஓடியபோது ஒருவர் அடித்துவிட்டது இது: "பத்து வருட சிடி அனுபவம் இருந்தால் பிரிட்டனில் நேராக பேண்ட் 6. பேண்ட் 5 எல்லாம் படிப்பு முடித்து வரும் பிள்ளைகளுக்கு." (சிடி என்பது சிடி ஸ்கேன்; பேண்ட் என்பது அங்கே அரசு மருத்துவமனைகளில் சம்பளப் படி, எண் கூடினால் சம்பளமும் கூடும்.) கீழே ஒரே கைதட்டல். இதை நம்பி ஒரு பையன் என்னிடம் தனியாகக் கேட்கிறான்: "அண்ணே, பேண்ட் 5 வேலை வந்திருக்கிறது, வேண்டாமென்று சொல்லிவிடவா?"

எச்சிபிசி என்ற பிரிட்டன் பதிவு வாரியத்தில் பதிவு என்பது ரேடியோகிராஃபர், அதாவது எக்ஸ்ரே, ஸ்கேன் எடுப்பவர் என்ற பெயரில் வேலை பார்க்க அனுமதி, அவ்வளவுதான். நம் துறை ஆட்களே உங்கள் தாள்களைப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்வார்கள். அதில் பேண்ட் எங்கேயும் வராது. பேண்ட் என்பது காலியாக இருக்கும் வேலைக்கு ஒட்டியது. 2004-இல் பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் இந்தச் சம்பள முறை வந்ததிலிருந்தே அப்படித்தான். பேண்ட் 5 இடத்துக்கு எடுத்தால், சிடியைக் கண்டுபிடித்தவரே வந்தாலும் பேண்ட் 5தான்.

சிடி மன்னன்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம், எனக்கொன்றும் குறைந்துவிடாது. என்னோடு வளைகுடாவில் வேலை பார்த்த நண்பர் போனார். சிடி. நேராக பேண்ட் 6. வேறென்ன ஆதாரம் வேண்டும்?

ஈயக்கதவு:
அவர் விண்ணப்பித்தது பேண்ட் 6 சிடி வேலைக்கு. கிடைத்தது. அதனால் பேண்ட் 6. நான் சொன்னதைத்தானே நீங்களும் சொல்கிறீர்கள்?

சிடி மன்னன்:
ஆக, நேராக பேண்ட் 6 கிடைத்தது. ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

இரண்டாம் ஷிப்ட்:
ஒருவருக்குக் கிடைத்தால் எல்லோருக்கும் கிடைக்குமா மன்னரே? என்னோடு பிரிட்டன் வந்த குழுவில் எம்ஆர்ஐயில் ஊறியவர்கள்கூட இருந்தார்கள். எல்லோரும் பேண்ட் 5-இல் சேர்ந்து, கேட்ட திறன்களையெல்லாம் கையெழுத்து வாங்கிக் காட்டிய பிறகுதான் 6. யாரும் செத்துப்போகவில்லை.

சிடி மன்னன்:
உங்களுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை அக்கா. அதற்கு நான் என்ன செய்ய?

இரண்டாம் ஷிப்ட்:
பேரமா? ஆஸ்பத்திரி வேலைக்கா?

ஈயக்கதவு:
சரி, விளக்கமாகவே எழுதுகிறேன், பிறகு யாரும் "சொல்லவில்லையே" என்று வராதீர்கள்.

பத்து வருடம் சிடி என்கிறீர்கள். அந்தப் பத்து வருடத்தில் சாதாரண எக்ஸ்ரே எடுத்தீர்களா? பல இடங்களில் சிடி ஆள் சிடி அறையை விட்டு வெளியே வருவதே இல்லை. இங்கே பேண்ட் 5 ஆள் அவசர சிகிச்சைப் பிரிவு, வார்டில் மொபைல் எக்ஸ்ரே, அறுவை அரங்கில் சி-ஆர்ம் என்ற நகரும் எக்ஸ்ரே இயந்திரம், எல்லாம் சுற்றி வர வேண்டும். நடுராத்திரி இடுப்பு முறிந்த பாட்டி ட்ரோலியில் வருவார். காலைத் திருப்பக் கூடாது. முறியாத காலை மடக்கித் தூக்கித் தாங்கியில் வைக்க வேண்டும். படம் பதியும் டிடெக்டரை முறிந்த பக்கம் இடுப்பெலும்பு விளிம்புக்கு மேலே, தொடை எலும்பின் கழுத்துக்கு இணையாகச் சாய்த்து நிறுத்த வேண்டும். எக்ஸ்ரே குழாயைப் படுக்கைவாட்டில், தூக்கிய காலுக்கு அடியில் கொண்டுவர வேண்டும். பாட்டி வலியில் கத்துவார். காட்டிக்கொடுக்க பக்கத்தில் ஆள் இருக்காது. நீங்கள் கடைசியாக இதை எப்போது செய்தீர்கள்?

சிடியில் நோயாளியைப் படுக்கவைத்து, ஸ்கவுட் என்ற முன்னோட்டப் படம் எடுத்து, அந்த ஸ்கேனுக்கான புரோட்டோகால் தேர்ந்தெடுத்தால் இயந்திரம் பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். சிடி சுலபம் என்று சொல்லவில்லை. அது வேறு வேலை.

சிடி மன்னன்:
"இயந்திரம் பார்த்துக்கொள்ளும்." சபாஷ். இதைத்தான் வெளியாட்கள் சொல்கிறார்கள், பட்டன் அழுத்துபவர்கள் என்று. இப்போது நம் ஆளே சொல்கிறார்.

நுரையீரல் ரத்தக் கட்டிக்கு ஸ்கேன் எடுக்கும்போது இன்ஜெக்டர் நொடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்புக்குள் தள்ளும். புறங்கையில் நீல வென்ஃப்ளான், அதாவது மெல்லிய ஊசிக் குழாய் போட்டு வார்டிலிருந்து அனுப்பிவைப்பார்கள். அதில் அந்த வேகம் போனால் கை பலூன் மாதிரி வீங்கும். திருப்பி அனுப்பவா, நானே முழங்கை மடிப்பில் அதைவிடத் தடித்த பிங்க்கோ பச்சையோ போடவா என்று முடிவெடுப்பது யார்? இயந்திரமா? இதற்குத்தான் நேராக பேண்ட் 6 கொடுக்கிறார்கள்.

ஈயக்கதவு:
ஊசி நீங்களே போட்டீர்களா, நர்ஸ் போட்டாரா? உண்மையைச் சொல்லுங்கள்.

சிடி மன்னன்:
அது முக்கியமில்லை.

இரண்டாம் ஷிப்ட்:
ஹாஹா. நர்ஸ்.

கறுப்பு வெள்ளை:
இந்தக் காலத்துப் பிள்ளைகள் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது. நாங்கள் இருட்டறையில் டெவலப்பரில் கைவிட்டுப் படம் கழுவியவர்கள். எக்ஸ்போஷர், அதாவது கதிரின் அளவு, கூடிப்போனால் படம் கறுத்துவிடும், எல்லோருக்கும் தெரியும். இப்போது அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் கம்ப்யூட்டர் திருத்திக் காட்டிவிடுகிறது. அப்புறம் பேண்ட் 5 என்ன, பேண்ட் 6 என்ன.

ஈயக்கதவு:
ஐயா, அதற்குத்தான் டிடெக்டருக்கு எவ்வளவு கதிர் வந்தது என்று காட்ட எக்ஸ்போஷர் இன்டெக்ஸ் என்று ஒரு எண் திரையில் வருகிறது. அதைப் பார்க்காதவர்தான் அளவுக்கு மீறுவார். ஆனால் இங்கே பேச்சு அது இல்லை.

கறுப்பு வெள்ளை:
எண்ணைப் பார்த்துப் படம் எடுப்பவர் ரேடியோகிராஃபரா? சரி, நான் ஓய்வு பெற்றவன், எனக்கென்ன தெரியும்.

புதுப்பிலிம்:
அண்ணன்களே, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எச்சிபிசி கேட்கும் படிப்பு விவரப் படிவத்தைக் கல்லூரிதான் நிரப்பித் தர வேண்டும் என்கிறார்கள். என் கல்லூரியில் "அப்படியொன்றைக் கேள்விப்பட்டதே இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

சிடி மன்னன்:
தம்பி, பிரிட்டனே வேண்டாம், அமெரிக்கா போ. சம்பளத்தைப் பார்த்தால் இவர்கள் பேண்ட் எல்லாம் சில்லறை.

இரண்டாம் ஷிப்ட்:
போகிற வழியையும் சொல்லுங்களேன். அமெரிக்காவில் பெரும்பாலும் ஏஆர்ஆர்டி என்ற அமைப்பு ரேடியோகிராஃபர்களுக்குத் தரும் சான்று வேண்டும். தேர்வில் 75 எடுப்பது இரண்டாவது கதை. அந்தத் தேர்வில் உட்காரவே, அவர்கள் அங்கீகரித்த படிப்பு முடித்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேர் அப்படிப் படித்தோம்? அல்ட்ராசவுண்ட் ஆட்களுக்கு ஏஆர்டிஎம்எஸ் என்ற வேறொரு சான்று அமைப்பின் வழி கொஞ்சம் திறந்திருக்கிறது, அது தனிக் கதை. ஆஸ்திரேலியா என்றால் பதிவு வாரியம் ஒரு பக்கம், குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீடு இன்னொரு பக்கம். பையனைத் திசைதிருப்பாதீர்கள்.

சிடி மன்னன்:
வளைகுடாவில் டேட்டாஃப்ளோ நிறுவனத்தின் சான்றிதழ் சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் கணினித் தேர்வு, முடிந்தது. மரியாதையும் உண்டு. அங்கே என்னை யாரும் பேண்ட் 5 என்று கூப்பிட்டதில்லை.

ஈயக்கதவு:
பிறகு ஏன் பிரிட்டன் வேலையைத் தேடுகிறீர்கள்?

சிடி மன்னன்:
நான் தேடுகிறேன் என்று யார் சொன்னது?

ஈயக்கதவு:
மூன்று மாதத்துக்கு முன் நீங்களே இங்கே கேட்டிருந்தீர்கள்: "ஐஇஎல்டிஎஸ்ஸில் எழுத்துப் பகுதி 6 வந்திருக்கிறது, எச்சிபிசி ஏற்குமா?" மொத்தம் 7, எந்தப் பகுதியும் 6.5-க்குக் குறையக் கூடாது என்று பதில் சொன்னதும் நான்தான். தேடிப் பார்த்தால் கிடைக்கும்.

சிடி மன்னன்:
அது என் தம்பிக்காகக் கேட்டது. பழையதைத் தோண்டுவதில் இருக்கும் அக்கறை பதிலில் இல்லை. நீங்கள் எந்த பேண்ட் என்று இதுவரை சொல்லவே இல்லையே, ஏன்?

ஈயக்கதவு:
என் பேண்ட் இங்கே பேச்சே இல்லை. நேர்காணலில் என்ன கேட்கிறார்கள் என்பதுதான் பேச்சு. ஒரு நேர்காணலில் நானும் உட்கார்ந்திருந்தேன், அதைச் சொல்கிறேன். அனுபவம் நிறைய இருந்த ஒருவரிடம் கேட்டார்கள்: "சின்னப் பையனுக்கு இடுப்பு எக்ஸ்ரே, இனப்பெருக்க உறுப்புக்கு ஈயத் தகடு வைப்பீர்களா?" "கட்டாயம் வைப்பேன், அதுதான் பாதுகாப்பு" என்றார் நெஞ்சை நிமிர்த்தி. 2019-இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் அதை நிறுத்தச் சொல்லியாயிற்று, 2020-இல் பிரிட்டனிலும் அதே வழிகாட்டுதல் வந்தாயிற்று. உடம்புக்குள்ளேயே சிதறும் கதிரைத் தகடு தடுக்காது. கதிர் போதுமா என்று தானாக அளக்கும் உணரிக்கு மேல் தகடு விழுந்தால் இயந்திரம் இன்னும் அதிகமாகக் கொடுக்கும். பார்க்க வேண்டிய எலும்பையும் மறைக்கும். இதெல்லாம் தெரியாமல் வந்து நேராக பேண்ட் 6 கேட்டால்?

கறுப்பு வெள்ளை:
ஈயத் தகடு வேண்டாமா? என்ன அநியாயம் இது! எங்கள் பேராசிரியர் கேட்டால் அடிப்பார். தகடு இல்லாமல் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுப்பவனைப் பெற்றோர் சும்மா விடுவார்களா?

ஈயக்கதவு:
பெற்றோருக்கு விளக்கிச் சொல்வதும் நம் வேலைதான் ஐயா.

கறுப்பு வெள்ளை:
நாளைக்கு உங்களுக்கும் ஈய ஏப்ரன் வேண்டாம் என்பார்கள், கழற்றிப் போட்டுவிடுங்கள்.

இரண்டாம் ஷிப்ட்:
ஊழியர் ஏப்ரன் வேறு, நோயாளி மேல் வைக்கும் தகடு வேறு. சி-ஆர்ம் பக்கத்தில் நிற்கும் நமக்கு ஏப்ரன் கட்டாயம். இரண்டையும் குழப்பாதீர்கள்.

கறுப்பு வெள்ளை:
யார் குழப்புவது? ஈயம் ஈயம்தான். அது பாதுகாக்கும் என்றால் பாதுகாக்கும், இல்லை என்றால் இல்லை.

சிடி மன்னன்:
ஐயா சொல்வது நியாயம். சிடியில் இந்தத் தகடு பெரும்பாலும் வைப்பதில்லை, அதனால்தான் சிடி ஆட்களுக்கு இந்த வம்பு இல்லை. அதனால்தான் நேராக பேண்ட் 6.

இரண்டாம் ஷிப்ட்:
எதற்கும் எதற்கும் முடிச்சு?

புதுப்பிலிம்:
அந்தப் படிவம்...

ஈயக்கதவு:
தம்பி, பாடத்திட்டத்தையும் மருத்துவமனைப் பயிற்சி நேரத்தையும் நீயே தட்டச்சு செய்து துறைத் தலைவரிடம் நேரில் கொண்டு போ. முத்திரையும் கையெழுத்தும் மட்டும் அவர்கள் போடட்டும். மின்னஞ்சலில் கெஞ்சினால் ஆகாது. பேண்ட் 5 கடிதம் வந்தால் வாங்கிப் பத்திரமாக வை, இங்கே யார் என்ன சொன்னாலும்.

ஐயாவுக்கு ஈயத் தகடு பற்றி இன்னும் எழுத இருக்கிறது, டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. பேண்ட் 6 விஷயத்துக்கு நாளைக்கு வருகிறேன்.

கறுப்பு வெள்ளை:
வாருங்கள், நானும் இங்கேதான் இருப்பேன்.

சிடி மன்னன்:
நாளைக்கும் நேராக பேண்ட் 6தான்.