23 வருட பர்பனா, இளைய பர்பனா?

பீப்பாய்ப்பித்தன்:
போன வாரம் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில்லில் ஒரு பாரில், 23 வருடம் பீப்பாயில் முதிர்ந்த பாப்பி வான் விங்கிள் பர்பன் (முக்கியமாக மக்காச்சோளத்தில் வடிக்கும் அமெரிக்க விஸ்கி) ஓர் அவுன்ஸ் வாங்கினேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்திலேயே அதைவிட இளைய பர்பனான வைல்ட் டர்க்கி 101. ஒரு மணி நேரம் இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்து, துளித்துளியாகக் குடித்தேன். டர்க்கியில் முதலில் கருப்பட்டிப் பாகு, அப்புறம் மிளகுக் காரம், அதோடு சரி. பாப்பியில் பழைய மரப்பெட்டியைத் திறந்த வாசனை, உலர்ந்த செர்ரி, தோல், முறுகக் காய்ச்சிய பாகு என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. கிளாஸ் காலியான பிறகும் வாசனை போகவில்லை. என் கட்சி இதுதான்: பர்பன் 15 வருடம் தாண்டினால்தான் ஆழம் வரும். மறுப்பவர்கள் வாருங்கள்.

கென்டக்கிக்காரன்:
மறுக்கிறேன். வயது கூடினால் தரம் கூடும் என்பது ஸ்காட்ச் குடித்துப் பழகியவர்களின் கணக்கு. ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்தான். இங்கே பர்பன் இறக்கிய பீப்பாய்களையே அவர்கள் ஏராளமாக வாங்கிப் போகிறார்கள். சாரம் பாதி இறங்கிவிட்ட மரம், குளிர்ந்த ஊர். அதனால் 18 வருடம் தாங்குகிறது. பர்பனுக்கோ ஒவ்வொரு முறையும் புது ஓக், அதுவும் உள்ளே கரியாகச் சுட்டது. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. கென்டக்கிக் கோடையில் கிடங்கின் மேல்தளத்தில் நின்று பாருங்கள், சூடு என்றால் என்ன என்று தெரியும்.

ஒரு வடிசாலையில் பீப்பாய்ப் பலகையைக் குறுக்கே அறுத்து என் கையில் கொடுத்தார்கள். உள்பக்கம் முதலைத் தோல்போல வெடித்த கரி. அதை அடுத்துப் பாகு நிறத்தில் ஒரு பட்டை. அதையும் தாண்டிச் சிவப்பாக ஒரு கோடு. வெயிலில் சரக்கு மரத்துக்குள் புகுந்து, குளிரில் திரும்பி வந்ததன் தடம் அது. வெனிலா, இனிப்பு எல்லாம் அந்த மரத்திலிருந்து வருகிறது, சரிதான். ஆனால் வருடக்கணக்கில் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மிஞ்சுவது துவர்ப்புதான். கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்ளும். வருடத்துக்கு 4 சதவீதம் அளவில் ஆவியாகப் போகிறது என்று வைத்தாலும், 23 வருடத்தில் பாதிக்கு மேல் காலி. விலை ஏற அது ஒரு காரணம். ருசி ஏறியது என்பதற்கு அது சான்று ஆகாது.

பீப்பாய்ப்பித்தன்:
எல்லாப் பீப்பாயும் மேல்தளத்தில் வேகவில்லை, நண்பரே. கீழ்த்தளம் குளிர்ச்சி, அங்கே மெதுவாக முதிரும். தவிர, பாப்பியில் மக்காச்சோளத்துக்கு அடுத்துச் சேர்ப்பது ரை என்ற காரமான தானியம் இல்லை, கோதுமை. காரம் குறைந்த ஊறல், அதனால் நீண்ட வயதைத் தாங்கும் என்பது என் அனுபவம். வயது ஒரு பொருட்டே இல்லை என்றால் அமெரிக்காவில் 1897இல் வந்த 'பாட்டில்ட்-இன்-பாண்ட்' முத்திரைச் சட்டம் எதற்கு? நிறத்துக்காகக் கண்டதையும் கலந்து விஸ்கி என்று விற்ற காலத்தில், ஒரே வடிசாலை, ஒரே பருவம், 50 சதவீத ஆல்கஹால் என்பதோடு குறைந்தது 4 வருடம் என்றும் எழுதி வைத்தார்கள்.

கென்டக்கிக்காரன்:
4 வருடம் என்றுதானே எழுதினார்கள்? வயதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2 வருடச் சரக்கில் பச்சைச் சோள வாடை அடிக்கும். 6 முதல் 12 வரை என் எல்லை.

ரைரசிகன்:
இருவரும் கோபிக்காமல் கேளுங்கள். பித்தன் சார், நீங்கள் பாரில் செய்த ஒப்பீட்டிலிருந்து வயதைப் பற்றி எதுவுமே சொல்ல முடியாது. பாப்பியில் கோதுமை, 47.8 சதவீத ஆல்கஹால். டர்க்கியில் ரை, 50.5 சதவீதம். வேறு வேறு வடிசாலை. தானியம், வீரியம், வயது மூன்றும் ஒன்றாக மாறியிருக்கின்றன. அந்த மிளகுக் காரம் இளமையால் வந்ததா, ரையால் வந்ததா?

வீரியத்தைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2013இல் மேக்கர்ஸ் மார்க் என்ற பர்பன் நிறுவனம் சரக்குத் தட்டுப்பாட்டைக் காட்டி 45 சதவீதத்தை 42ஆகக் குறைக்கப் பார்த்தது. வெறும் 3 சதவீதம். குடிப்பவர்கள் கிளப்பிய எதிர்ப்பில் சில நாட்களிலேயே பழையபடி 45க்குத் திரும்பியது.

வயதைத்தான் சோதிக்க வேண்டுமென்றால் இளைய சரக்கான மேக்கர்ஸ் மார்க்கையும் 12 வருடம் முதிர்ந்த வெல்லர் 12ஐயும் எடுங்கள். இரண்டிலும் கோதுமை, இரண்டும் 45 சதவீதம். வடிசாலை வேறு, ஈஸ்ட் வேறு, அது உண்மைதான். ஆனாலும் இதைவிட நெருக்கமான ஜோடி சுலபத்தில் கிடைக்காது. நான் வீட்டில் செய்து பார்த்தேன். ஒரே மாதிரி நான்கு கிளாஸ், அடியில் ஒட்டிய பெயர்ச்சீட்டு, ஊற்றியது மனைவி. நான்கில் மூன்றைச் சரியாகப் பிரித்தேன். வெல்லரில் மரமும் காய்ந்த பழமும் தெளிவாகக் கூடுதல். அதே சமயம் மேக்கர்ஸில் இருந்த புது ரொட்டி வாசனை அதில் அடங்கிப் போயிருந்தது. பத்து நிமிடம் கழித்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் வெல்லரின் துவர்ப்பு முன்னால் வந்தது.

பீப்பாய்ப்பித்தன்:
வீரியக் கணக்கை நான் யோசிக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். பாப்பியிலும் கடைசியில் துவர்ப்பு இருந்தது. ஆனால் அது எனக்குக் குறையாகப் படவில்லை. டிகாஷன் கெட்டியாக இருந்தால்தான் எனக்குக் காப்பி. அந்தத் துவர்ப்புக்காகத்தான் பழைய சரக்கைத் தேடுகிறேன்.

கென்டக்கிக்காரன்:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அந்த இடத்தில்தான் நான் கிளாஸைக் கீழே வைக்கிறேன், நீங்கள் கையில் எடுக்கிறீர்கள். வெல்லர் 12 என்னிடம் பாதி பாட்டில் இருக்கிறது. அடுத்த முறை லூயிவில் வரும்போது சொல்லுங்கள். கிளாஸுக்கு அடியில் பெயர்ச்சீட்டை நானே ஒட்டி வைக்கிறேன்.