ஈர்ப்பலை டேட்டால வேலை செஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?

எல்லாருக்கும் வணக்கம், டர்பன் சாட்ஸ்வொர்த்துல இருந்து எழுதுறேன். என் அக்கா மக ஃபிசிக்ஸ் ஹானர்ஸ் பண்றா, ஈர்ப்பலைய, அதாவது கருந்துளை மாதிரி கனமானது மோதுறப்ப வெளியே அதிர்ந்து பரவுற அலைய வச்சு, ஐன்ஸ்டீனோட ஈர்ப்பு தியரிய சோதிக்கிறதுதான் ப்ராஜெக்ட். 2017 ஆகஸ்ட் 17ல ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதி, சுமார் 13 கோடி ஒளியாண்டு தாண்டி அலை வந்து 1.7 செகண்ட்ல காமா கதிரும் வந்துச்சே, அதுலயே ஈர்ப்பலைக்கு ஒளியோட வேகம் இல்லாம வேற வேகம் சொன்ன பல தியரி அடிபட்டுப் போச்சு. நம்ம தென்னாப்பிரிக்கா சதர்லேண்ட்ல இருக்கற சால்ட் டெலஸ்கோப்பும் அந்த வெளிச்சத்தப் பாத்துச்சு, நெனச்சாலே பெருமையா இருக்கு!

அவ மாட்டிக்கிட்டது வேற எடத்துல. ரெண்டு கருந்துளை ஒண்ணானதும் அடிச்ச மணி மாதிரி அதிர்ந்து அடங்கும்ல, அந்த ரிங்டவுன்ல அதிர்வெண்ணும் அடங்குற நேரமும் எடுத்தா நிறையும் சுழற்சியும் கெடைக்கும், மோதலுக்கு முன்னாடி உள்ள அலைல இருந்து போட்ட கணக்கோட அது ஒத்துப்போகணும். அமெரிக்காவுல ஈர்ப்பலைய புடிக்கிற லைகோ கருவியோட 2015 செப்டம்பர் சிக்னல எடுத்துருக்கா, அதோட ரிங்டவுன் 250 ஹெர்ட்ஸ் பக்கம், சில மில்லிசெகண்ட்லயே இரைச்சல்ல முழுகிடுது, ரிங்டவுன் எந்த நேரத்துல தொடங்குதுன்னு எடுக்கற ஆரம்பப் புள்ளிய லேசா நகத்துனாலே விடை மாறுது. அந்தப் புள்ளிய எப்படி முடிவு பண்றது? பைத்தான்ல இத செஞ்ச அண்ணன், அக்கா யாராச்சும் இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க, தமிழ்லயே பேசலாம். புள்ள ராத்திரி பூரா தூங்காம உக்காந்திருக்கா.