மாமனாருக்கு ஸ்பெயின் லாட்டரி விழுந்திருக்கிறதாம், எப்படித் தடுப்பது?

மழைக்குருவி:
நண்பர்களே, கொஞ்சம் அவசரம். என் மாமனார் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். நிகழ்தகவுப் பாடம் நடத்தியவர், ஏமாளி என்று யாரும் சொல்ல முடியாது. அவருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. ஸ்பெயின் நாட்டு எல் கோர்டோ கிறிஸ்துமஸ் குலுக்கலில் அவருடைய மெயில் முகவரி தேர்வாகி ஆறு லட்சம் யூரோ விழுந்திருக்கிறதாம். சீல், கையெழுத்து, வரிசை எண், 'க்ளெய்ம் ஏஜென்ட்' என்று ஒருவரின் பாஸ்போர்ட் நகல், எல்லாம் பக்காவாக இருக்கிறது. முதலில் பதிவுக் கட்டணம் கேட்டார்கள், எங்களிடம் சொல்லாமலே கட்டிவிட்டார். இப்போது 'கறுப்புப் பணம் இல்லை' என்ற சான்றிதழுக்கு அதைவிடப் பெரிய தொகை. பணம் கைக்கு வரும்வரை வீட்டில்கூட மூச்சுவிடக் கூடாது என்று நிபந்தனை வேறு. என் மனைவி தற்செயலாக அந்த மெயிலைப் பார்த்ததால்தான் விஷயம் வெளியே வந்தது.

"இது மோசடி மாமா" என்றேன். "உங்களுக்கு எல்லாமே மோசடிதான் மாப்பிள்ளை" என்று எழுந்து போய்விட்டார். இப்போது போன் வந்தால் வெளியே போய்த்தான் பேசுகிறார். சத்தம் போட்டால் உறவு கெடும், சும்மா இருந்தால் பணம் போகும். என்ன செய்யலாம்?

ஒற்றைவரி:
சீட்டு வாங்கினாரா? வாங்காத சீட்டுக்கு எங்கே பரிசு விழும்? மெயில் முகவரிகளைக் குலுக்கிப் போட்டு லட்சக்கணக்கில் வாரிக்கொடுக்க யாருக்குப் பைத்தியம்?

பழைய கேஷியர்:
நண்பர் சொல்வது சரி. ஆனால் அதை மாமாவிடம் போய்ச் சொன்னால் வேலைக்காகாது. வங்கி கவுன்ட்டரில் உட்கார்ந்த காலத்தில் இப்படிப் பணம் அனுப்ப வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். "யாருக்கு அனுப்புறீங்க ஐயா?" என்றால் "சொந்தக்காரருக்கு" என்று மனப்பாடம் செய்ததுபோல் பதில் வரும். கவுன்ட்டரில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அந்தப் பக்கமே சொல்லிக்கொடுத்து அனுப்பும். "வீட்டில் பொறாமைப்படுவார்கள், மோசடி என்று பயமுறுத்துவார்கள்" என்பதும் அந்தப் பாடத்தில் உண்டு. ஆக, நீங்கள் எச்சரித்தபோது ஏஜென்ட் சொன்னது அப்படியே நடக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

கணக்கு வாத்தியாரிடம் கணக்காகவே பேசுங்கள். எல் கோர்டோ நிஜமான குலுக்கல்தான். 1812லிருந்து நடக்கிறது, இப்போது ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 22 அன்று. ஐந்து இலக்க எண் போட்ட சீட்டை யாராவது காசு கொடுத்து வாங்கியிருக்க வேண்டும், பரிசு அந்தச் சீட்டுக்குத்தான். ஸ்பெயினில் பரிசின் முதல் 40,000 யூரோவுக்கு வரி இல்லை, மீதிக்கு 20 சதவீதம். ஆறு லட்சத்துக்கு வரி 1,12,000 யூரோ. அதைக் கழித்துக்கொண்டு 4,88,000 கொடுப்பார்கள். அமெரிக்காவிலும் இதே முறைதான், பெரிய லாட்டரிப் பரிசு என்றால் 24 சதவீதத்தை மத்திய அரசின் வரியாக முதலிலேயே பிடித்துக்கொள்வார்கள். நிஜமான லாட்டரியில், ஜெயித்தவன் கையிலிருந்து எடுத்துக் கட்டிய பிறகுதான் ரொக்கப் பரிசு என்ற வழக்கம் கிடையாது.

எனவே மாமா ஏஜென்ட்டிடம் ஒன்றே ஒன்று கேட்கட்டும்: "உங்கள் கட்டணத்தைப் பரிசிலேயே கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்களேன்." ஏதாவது சால்ஜாப்பு வரும். ஆயிரக்கணக்கில் விடைத்தாள் திருத்தியவருக்கு மழுப்பல் பதிலை அடையாளம் காண யாரும் கற்றுத்தர வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருங்கள், வாயைத் திறக்காதீர்கள்.

இன்னொன்று. சில கும்பல்கள் கட்டணம் கேட்பதற்கு முன் "முன்பணம்" என்று ஒரு காசோலையை அனுப்பிவைக்கும். சில நாடுகளில் காசோலை முழுதாகத் தேறும் முன்பே வங்கி கணக்கில் வரவு வைத்துவிடும். அந்தத் தைரியத்தில் நாம் கட்டணத்தை அனுப்புவோம். வாரம் கழித்துக் காசோலை போலி என்று திரும்பும்போது வங்கி நம்மிடம்தான் பிடித்துக்கொள்ளும். அப்படி ஏதாவது வந்தால் தொடாதீர்கள்.

தூங்காநிலா:
என் சித்திக்கும் இதே கதைதான், அங்கே லாட்டரிக்குப் பதில் கார் பரிசு. கட்டணம் ஒன்றோடு நிற்காது அண்ணா. பதிவு, சான்றிதழ், சுங்கம், வக்கீல் என்று வளர்ந்துகொண்டே போகும். இவ்வளவு கட்டியதை விடுவதா என்ற எண்ணம்தான் அடுத்ததையும் கட்டவைக்கும்.

அதைவிட மோசம் பிறகு நடந்தது. எல்லாம் அடங்கிச் சில மாதம் கழித்து "மோசடித் தடுப்பு அதிகாரி பேசுகிறேன், நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு போன். அதற்கும் கட்டணம்! ஒருமுறை கட்டியவர்களின் பெயர்ப் பட்டியல் கைமாறும். மாமாவுக்கும் அப்படி வரும், இப்போதே சொல்லிவையுங்கள்.

அந்த மெயிலில் எழுத்துப்பிழை நிறைய இருக்கிறதா? சித்திக்கு வந்ததைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். 2012இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கோர்மாக் ஹெர்லி நைஜீரிய மோசடி மெயில்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நம்பவே முடியாத கதையை அனுப்புவது அவர்களுக்கு லாபமாம். சந்தேகப்படுகிறவன் பதிலே போடமாட்டான், அவர்களுக்கு நேரம் மிச்சம். அதனால் "இதைப் போய் நம்பினீங்களா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சித்தி ரெண்டாவது தடவை மறைத்ததற்கு நாங்கள் சிரித்ததுதான் காரணம்.

அடையாள அட்டை நகல், வங்கி விவரம், ஓடிபி ஏதாவது கொடுத்திருக்கிறாரா?

மழைக்குருவி:
கேஷியர் ஐயா சொன்னபடியே கேட்கவைத்தோம். ஏஜென்ட் முதலில் "ஸ்பெயின் சட்டம் இடம் கொடுக்காது" என்றான். மாமா விடவில்லை, 1,12,000 கணக்கைச் சொன்னார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உங்களுக்காக மேலிடத்தில் பேசினேன், சான்றிதழுக்குப் பாதி கட்டினால் போதும்" என்றான். மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அரசாங்கச் சான்றிதழுக்கு எவனாவது பேரம் பேசுவானா மாப்பிள்ளை?" மோசடி என்ற சொல் இன்னும் அவர் வாயிலிருந்து வரவில்லை. "சரியாப் படலை" என்பதோடு சரி. பணம் அனுப்பப் போவதில்லை என்று மாமியாரிடம் சொல்லியிருக்கிறார்.

தூங்காநிலா, அடையாள அட்டை நகலும் கணக்கு எண்ணும் கொடுத்திருக்கிறார். ஓடிபி கொடுக்கவில்லை.

பழைய கேஷியர்:
நல்லது. காலையில் வங்கி திறந்ததும் இருவரும் நேரில் போங்கள். முதல் கட்டணம் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள். திரும்பக் கிடைக்கும் என்று மாமாவுக்கு ஆசை காட்டாதீர்கள், அனுப்பி நாளாகியிருந்தால் கஷ்டம்தான். நகல் வெளியே போயிருப்பதால் அவர் பெயரில் யாராவது கடனோ புதுக் கணக்கோ கேட்டால் கவனிக்கும்படி சொல்லுங்கள். போலீஸ் புகாரும் போட்டு அதன் எண்ணை வாங்கி வையுங்கள். மெயிலை அழிக்க வேண்டாம், புகாருக்குத் தேவைப்படும். அந்த ஏஜென்ட்டைக் கூப்பிட்டுத் திட்டவும் வேண்டாம், எண்ணை பிளாக் செய்தால் போதும். வேறு எண்ணிலிருந்து வருவான், அதையும் பிளாக் செய்யுங்கள்.